எக்ஸ்ரே அண்ணா சொன்ன ‘இப்ப’

அவருக்குப் பேர் இருந்தது. ஆஸ்பத்திரியில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. டாக்டர்களுக்கு அவர் எக்ஸ்ரே. நோயாளிகளுக்கு எக்ஸ்ரே சார். எனக்கு எக்ஸ்ரே அண்ணா. மைசூரில் ஒரு பழைய ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், லிஃப்டைத் தாண்டி, எந்த மாதத்திலும் கொஞ்சம் ஈரமாகவே இருக்கும் நடையின் கோடியில் அவருடைய அறை. நான் அந்த அறைக்கு ஆயா. நோயாளியைக் கூப்பிடுவது, செயின், தோடு, தாயத்தெல்லாம் கழற்றச் சொல்வது, முதுகில் நாடா கட்டும் பச்சை அங்கியை மாட்டிவிடுவது, கழற்றியதை மறக்காமல் திருப்பிக் கொடுப்பது என் வேலை. திருப்பிக் கொடுத்தேனா என்று வீட்டுக்குப் போன பிறகும் யோசித்துக்கொண்டிருப்பது என் சுபாவம்.

நெஞ்சுப் படம் எடுக்க ஆளை நிறுத்தி, தாடையைத் தூக்கி வைத்து, இரண்டு தோளையும் முன்னால் தள்ளிவிட்டு, அவர் தடுப்புக்குப் பின்னால் போவார். அங்கிருந்து குரல் மட்டும் வரும். “மூச்ச நல்லா இழுங்... அப்படியே பிடிச்சுக்கங்... இப்ப.” அந்த ‘இப்ப’வில் பட்டனை அழுத்துவார். பிறகு, “விடுங்.” கன்னடக்காரர்களுக்குக் கன்னடத்தில் சொல்வார். ஆனால் அந்த ‘இப்ப’ மட்டும் தமிழ்தான். அவர்களுக்கு அது புரியாதே அண்ணா என்று ஒருநாள் கேட்டேன்.

“புரிய வேண்டியதில்ல அம்மிணி. அது எல்லாருக்கும் ஒண்ணுதான்” என்றார்.

அவர் சொந்த ஊர் ராமாபுரம் பக்கம். கொள்ளேகாலத்துக்கு அந்தண்டை. அந்தப் பேச்சை மைசூரில் முப்பது வருஷம் இருந்தும் விடவில்லை. நாங்கள் தர்மபுரிப் பக்கம். அப்பா கட்டட வேலைக்கு மைசூருக்கு வந்தபோது நான் ஏழாவதில் இருந்தேன். வந்த பிறகு என்னை எட்டாவதில் சேர்க்க யாருக்கும் ஒழியவில்லை. அதனால் எக்ஸ்ரே அண்ணா சொன்னதில் எது சரி, எது தப்பு என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன்.

அவர் சொன்னது இதுதான். உலகத்தைக் கடவுள் ஆறு நாளில் படைத்தார். நாள் என்றால் நாள்தான், நாம் துணி துவைத்துக் காயப்போட்டு எடுக்கிற நாள். அதை இழுத்து யுகம் ஆக்கக் கூடாது. கடவுள் முதல் நாளில் வெளிச்சம் வரட்டும் என்றார், வந்தது. சூரியன் வந்தது நாலாம் நாள். அப்படியென்றால் வெளிச்சம் சூரியனுக்குச் சொந்தமில்லை, கடவுளுடைய வார்த்தைக்குச் சொந்தம். அவருடைய வார்த்தை பஸ் பிடித்து, வழியில் இறங்கி டீ குடித்து வராது. சொன்ன அந்தக் கணமே எங்கும் இருக்கும். வெளிச்சமும் அப்படித்தான். அது ‘வந்துகொண்டிருக்கிறது’ என்ற பேச்சே கிடையாது. இருந்தால் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை.

நேரமும் அப்படி. வானத்துக்கும் பூமிக்கும் உயிரோடிருப்பவனுக்கும் குழிக்குள் கிடப்பவனுக்கும் ஒரே நேரம், ஒரே ‘இப்ப’. யாருக்கும் நீளாது, யாருக்கும் சுருங்காது. எக்ஸ்ரே ஃபிலிம் கம்பெனிக்காரன் கொடுத்த ஒரு காலண்டர் அந்த அறையில் தொங்கியது. அதில் தலைமுடியைக் கலைத்துவிட்ட ஒரு வெள்ளைக்கார விஞ்ஞானியின் படம். வருஷம் முடிந்தும் அண்ணா அதைக் கழற்றவில்லை. அதோடு பேசுவார். “நல்ல மனுசன்தான். கண்ணப் பாத்தாலே தெரியுது. ஆனா நேரத்த ரப்பர் ஆக்கிப்போட்டாரு.”

ஆஸ்பத்திரிக் கடிகாரம் நின்றுபோனால் எல்லோரும் எரிச்சல்படுவார்கள். அவருக்கு மட்டும் ஒரு திருப்தி. “கடிகாரம் தப்பாப் போகும். நேரம் தப்பாப் போகாது. தெர்மாமீட்டர் ஒடஞ்சா காய்ச்சல் போயிருமா?” அவர் கையில் வாட்ச் கட்டியோ, யாரிடமாவது மணி என்ன என்று கேட்டோ நான் பார்த்ததில்லை. எப்படியோ சரியாக வந்து, சரியாகப் போவார்.

புவியீர்ப்பு என்று பள்ளிக்கூடத்தில் சொல்வதற்கு அவர் வைத்திருந்த பேர் ‘பிடி’. கடவுள் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருக்கிறார், அந்தப் பிடி எட்டாத இடமில்லை. அதனால் அவர் கையிலிருந்து ஏதாவது விழுந்தால் ‘ஐயோ’ என்று சொல்ல மாட்டார். குனிந்து பார்த்துவிட்டு, “பிடி இருக்கு” என்பார், நாடி பார்த்த டாக்டர் மாதிரி. பேனா விழுந்தாலும் அதுதான். டீ கிளாஸ் விழுந்து உடைந்தாலும் அதுதான். கூட்டிப் பெருக்குகிறவள் நானாகையால் எனக்கு அவ்வளவு திருப்தி இருந்ததில்லை.

என் வீட்டுக்காரர் ஒருநாள் சாரத்திலிருந்து விழுந்தார். சித்தார்த்த நகரில் பூச்சு வேலை. கூட வேலை செய்கிறவர்கள் ஆட்டோவில் போட்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்துவிட்டார்கள். நான் பச்சை அங்கியோடு நடையில் நின்று அடுத்த பேரைக் கூப்பிடப் போகிறேன், ஸ்ட்ரெச்சரில் அவர் வருகிறார். அண்ணாதான் படம் எடுத்தார். அப்போது ஃபிலிமை இருட்டறையில் மருந்துத் தண்ணீரில் கழுவி எடுக்கிற காலம். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே நான். இடுப்பா, முதுகுத்தண்டா, இனி எழுந்து நடப்பாரா, நடக்காவிட்டால் யாரைப் போய்க் கேட்பது, அவர் தங்கச்சி கல்யாணம் என்ன ஆகும் என்று எல்லாவற்றையும் நினைத்து முடித்து, மறுபடி முதலில் இருந்து நினைத்து முடித்தேன். கதவு திறக்கவில்லை.

கடைசியில் அண்ணா சொட்டச் சொட்ட ஃபிலிமோடு வந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “ஒடிவு இல்ல அம்மிணி. வீக்கந்தான்.”

“எவ்வளவு நேரம்ணா உள்ள!” என்று அழுகையும் கோபமுமாகக் கேட்டேன்.

“எப்பவும் ஆகற நேரந்தான். உனக்குன்னு தனியா ஒரு நேரம் ஓடல.”

அதைக் கேட்டு ஆறுதல்படுவதா, சண்டைக்குப் போவதா என்று தெரியவில்லை. ஓடியது. எனக்கு ஓடியதை நான்தானே அறிவேன். பிறகு அவர் ஸ்ட்ரெச்சர் பக்கம் குனிந்து, “கீழ விழுந்தீங்கன்னா என்ன அர்த்தம்? பிடி இருக்குன்னு அர்த்தம்” என்றார்.

என் வீட்டுக்காரர் வலியோடு கண்ணைத் திறந்தார். “அந்தப் பிடிய மேலயே பிடிச்சிருக்கக் கூடாதாண்ணா?”

அண்ணா சிரிக்கவில்லை. அதைப் பற்றி ரொம்ப நேரம் யோசித்தார்.

அதற்குப் பிறகுதான் நாங்கள் அவர் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைக்குக் குடிபோனோம். அவர் மனைவியை நான் அக்கா என்பேன். நல்ல உயரம், நல்ல குரல், யாருக்கும் பயப்படாத வாய். அவர்கள் வீட்டுத் தினக்காலண்டரில் தாளைக் கிழிப்பது சாயங்காலத்தில். படைப்பிலேயே நாள் சாயங்காலத்தில்தான் தொடங்குகிறது என்பது அண்ணாவின் கணக்கு. பொழுது சாய்ந்ததும் வந்து கிழித்துவிடுவார். “எங்க வீட்டுல ராத்திரிச் சோத்த எப்பவுமே நாளைக்குத்தான் திங்கறோம்” என்பாள் அக்கா. குளியலறைக் குழாய் ஒழுகிக்கொண்டேயிருந்தது. “ஆறு நாள்ல ஒலகத்தையே படைச்சாராம். அவரக் கும்புடற மனுசன் ஒரு கொழாய மாத்த ஆறு மாசமாச் சொல்லிட்டிருக்காரு.” அண்ணா வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்துவிடுவார். அது குடும்ப ஜெபத்துக்கான நேரம்.

நான் பிள்ளையாரைக் கும்பிடுகிறவள். ஆனாலும் போய் ஓரமாக உட்காருவேன். ஜெபத்தில் எல்லோருக்காகவும் வேண்டிக்கொள்ளும்போது என் கவலையையும் ஒன்றிரண்டு சேர்த்துக்கொள்வார்களே என்ற எண்ணம். அண்ணாவும் சேர்த்துக்கொள்வார். “பின்வீட்டுத் தங்கச்சி கேஸ் அடைச்சமா அடைக்கலையான்னு தவிக்குது ஆண்டவரே, அதுக்குச் சமாதானம் குடுங்க” என்று ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். நான் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அடைத்துத்தான் இருந்தது.

அவர்களுக்கு ஒரே மகள். பாப்பா என்போம். அவள் சின்னவளாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலங்களில் அண்ணா எங்கள் எல்லோரையும் அரண்மனைக்கு விளக்குப் பார்க்கக் கூட்டிப் போவார். கூட்டம், பலூன், கடலை, குழந்தைகள் அழுகை. அவர் எப்போதும் ஒரே இடத்தில், பக்கத்து வாசலை ஒட்டி நிற்பார். அங்கிருந்து பார்த்தால் கட்டடத்தின் இந்தக் கோடியும் அந்தக் கோடியும் சேர்ந்து தெரியும். இருட்டில் கறுப்பாக அது நிற்கும். அண்ணா கையைத் தூக்கி, “இப்ப” என்பார்.

சில வாரம் ஒன்றும் நடக்காது. “உங்க இப்ப வந்துருச்சுங். அவங்க இப்ப இன்னும் வரல” என்பாள் அக்கா.

பிறகு திடீரென்று எல்லா பல்பும் எரியும். கூட்டம் ஓவென்று சத்தம் போடும். அண்ணாவின் முகத்தை நான் அப்போது பார்ப்பேன். அவருடைய சொந்தக் காரியம் ஒன்று நல்லபடியாக முடிந்த மாதிரி இருக்கும். “பாத்தீங்களா? இந்தக் கோடி பல்பும் அந்தக் கோடி பல்பும் ஒண்ணாத்தான எரிஞ்சுது? இது முந்தி, அது பிந்தின்னு இருந்துச்சா? முதல் நாள் இப்படித்தான்.”

பாப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “இல்லப்பா. அந்தக் கோடி வெளிச்சம் கொஞ்சம் லேட்டாத்தான் நம்மகிட்ட வருது. ரொம்பக் கொஞ்சம். நமக்குத் தெரியல, அவ்வளவுதான்.”

“யார் சொன்னாங்க கண்ணு?”

“சயின்ஸ் மிஸ்.”

அண்ணா சிரித்தார். அவளுக்குச் சோளம் வாங்கிக்கொடுத்தார். அது அவளுக்கும் அவருக்கும் ஒரு விளையாட்டாகவே பல வருஷம் நடந்தது. அவர் ‘ஒண்ணாத்தான்’ என்பார், அவள் ‘லேட்டுத்தான்’ என்பாள். அவள் பெரியவளாகிக் கல்லூரியிலும் அதையே படித்து, அதற்கு மேலும் அதையே படிக்க அமெரிக்காவில் இடம் வாங்கியபோதுதான் அது விளையாட்டாக இல்லாமல் போயிற்று.

இடம் கிடைத்த செய்தி வந்த சாயங்காலம் ஜெபம் முடிந்து எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். அவள் அங்கே போய் என்ன படிக்கப்போகிறாள் என்று நான்தான் கேட்டேன். தூரத்து நட்சத்திரங்களின் வெளிச்சம் வரும் வழியில் எப்படி வளைகிறது என்பதாம்.

“வழியே கிடையாதுங்கறேன், நீ வளையுதுங்கற” என்றார் அண்ணா.

“அப்பா, உங்க போன்ல மேப் வழி காட்டுதில்ல? மேல சாட்டிலைட்ல இருந்து சிக்னல் வர்றதுக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாத்துத்தான் அது கணக்குப் போடுது. அங்க மேல இருக்கற கடிகாரம்கூட நம்ம கடிகாரம் மாதிரி ஓடல. திருத்தி வெச்சிருக்காங்க. இல்லாட்டி நம்ம வீட்ட வேற தெருவுல காட்டும்.”

“கடிகாரம்தான வேற மாதிரி ஓடுச்சு? நேரமா ஓடுச்சு?”

“கடிகாரம் காட்டாத நேரத்த எத வெச்சுப்பா பாக்கறது?”

“பாக்கறதுக்கில்ல. இருக்கறதுக்கு.”

அக்கா தட்டுகளை எடுத்துக்கொண்டே, “ரெண்டு பேரும் நேரத்தப் பத்தியே பேசி இருக்கற நேரத்தத் தொலைங்க” என்றாள்.

அவர்கள் சபையில் ஒரு வழக்கம். வெளிநாடு போகிறவர்கள் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால் நின்று சாட்சி சொல்ல வேண்டும். கடவுள் இதுவரை நடத்தினார், இனியும் நடத்துவார் என்பது போல. பிறகு அப்பாவும் அம்மாவும் இரண்டு பக்கமும் நின்று தலையில் கை வைக்க, பாஸ்டர் ஜெபம் பண்ணி அனுப்புவார். அப்படிக் கை வைக்காமல் யாரும் போனதில்லை. போகிற பெட்டியைவிட அதுதான் முக்கியம்.

அண்ணா மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டார். கொஞ்சலாகத்தான் கேட்டார். “கண்ணு, சாட்சி சொல்றப்ப ஒரு வார்த்த சேத்துக்க. வெளிச்சம் முதல் நாள்லயே முழுசா வந்துருச்சுன்னு விசுவாசிக்கறேன்னு. அவ்வளவுதான். அப்புறம் அங்க போயி என்ன வேணாப் படி.”

“கடவுளுக்கு நன்றி சொல்றேன்ப்பா. அது நெஜம். இத நான் சொன்னாப் பொய்யாயிரும். அங்க நின்னு பொய் சொல்லவா?”

“அது பொய்யா?”

“நான் சொன்னாப் பொய். நீங்க சொன்னா நெஜந்தான்.”

“அப்ப என்ற கைய எதிர்பாக்காத.”

“கை வேணும்ப்பா. அந்த வார்த்ததான் முடியாது.”

அந்த வாரம் முழுக்க எனக்கு அதே யோசனை. என் மகளில்லை, என் சபையில்லை. ஆனாலும் அப்பாவின் கை படாமல் ஒரு பெண் கடலைத் தாண்டிப் போவது எனக்குக் கேஸை மூடாமல் வெளியே போவது மாதிரி இருந்தது. அண்ணாவோ ஒன்றும் நடக்காதது போல இருந்தார். மகளின் பெட்டியை ஆஸ்பத்திரிக்கே தூக்கி வந்து, நோயாளிகளை நிறுத்துகிற எடை மெஷினில் வைத்துப் பார்த்ததும் அவர்தான். “பிடி அதிகமா இருக்கு. ரெண்டு போர்வைய எடுத்துப்போடணும்.” எடுத்ததை மடித்து அவரே திரும்பக் கொண்டுபோனார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் போய்ச் சபையில் கடைசியில் உட்கார்ந்தேன். பாப்பா முன்னால் வந்து நின்றாள். கடவுளுக்கு நன்றி சொன்னாள். அம்மா அப்பாவுக்கு நன்றி சொன்னாள். “வெளிச்சத்தப் பாக்கறதுக்கு எனக்குச் சொல்லிக்குடுத்தது எங்கப்பா” என்றாள். அண்ணா தலை நிமிர்ந்தார். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. பாஸ்டர் பெற்றவர்களைக் கூப்பிட்டார். அக்கா எழுந்து போனாள். அண்ணா எழவில்லை. பாஸ்டர் இன்னொரு தடவை கூப்பிட்டார். அண்ணா தன் மடியில் இருந்த இரண்டு கையையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா மகளின் இடப்பக்கம் நின்று கையை வைத்தாள். வலப்பக்கம் ஒன்றும் இல்லை. ஜெபம் முடிகிறவரைக்கும் நான் கண்ணை மூடவில்லை. அந்த வலப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் புறப்பட்ட நாளில் அக்காவும் என் வீட்டுக்காரரும் பெங்களூர் ஏர்போர்ட் பஸ்ஸில் அவளோடு போனார்கள். அண்ணா வேலைக்கு வந்தார். நானும் வந்தேன். தேவராஜ மார்க்கெட்டில் தேங்காய்க் கடை வைத்திருந்த ஒரு பெரியவர், நெஞ்சுப் படத்துக்கு வந்திருந்தார். அண்ணா அவரை நிறுத்தினார், தாடையைத் தூக்கினார், தோளைத் தள்ளினார், தடுப்புக்குப் பின்னால் போனார். மூச்சை இழுக்கச் சொன்னார். பிடிக்கச் சொன்னார்.

நான் கதவோரம் நின்று அந்த ‘இப்ப’வுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. பெரியவர் சொன்னபடி செய்கிற ரகம். பிடித்த மூச்சைப் பிடித்தபடியே நிற்கிறார். கழுத்து நரம்பு புடைக்கிறது, காது சிவக்கிறது. தடுப்புக்குப் பின்னால் சத்தமே இல்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. “அண்ணா!” என்று கத்தினேன்.

பட்டன் சத்தம் கேட்டது. “விடுங்” என்றார். பெரியவர் இருமிக்கொண்டே சுவரைப் பிடித்தார். “ஏன் சார், நன்னன்ன மர்த்தே பிட்ரா?” என்றார், என்னை மறந்தே போனீர்களா என்று. கோபமில்லை, ஆச்சரியம்தான். அதற்குள் கம்ப்யூட்டரிலேயே படம் வருகிற காலம் வந்திருந்தது. திரையில் வந்த படம் ஆடிப்போயிருந்தது, ஒரு விலாவுக்குப் பக்கத்தில் அதன் நிழலாக இன்னொன்று. அண்ணா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மணி என்ன அம்மிணி?” என்று கேட்டார். அவர் மணி கேட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. “பஸ் கெளம்பியிருக்குமா?”

“இப்பக் கெளம்பியிருக்கும்ணா” என்றேன்.

அவர் தலையாட்டினார். பெரியவரை மறுபடி நிறுத்தினார்.

போன பிறகு பாப்பா அம்மாவோடுதான் பேசுவாள். போன் வந்ததும் அண்ணா எழுந்து வாசலில் இருந்த மாமரத்தடிக்குப் போய்விடுவார். அக்கா வேண்டுமென்றே உரக்கப் பேசுவாள், அவருக்குக் கேட்கட்டும் என்று. பனி கொட்டுது, அரிசி கிடைக்குது, சளி பிடிச்சிருக்கு. அவர் மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். காய் பறிக்கிற மாதம்கூட இல்லை.

இப்படியே மழைக்காலமும் பனிக்காலமும் போயின. ஒரு சாயங்காலம் ஜெபத்துக்கு உட்காரும்போது அக்கா போனைக் கொண்டுவந்து ஒரு டம்ளர்மேல் சாய்த்து நடுவில் வைத்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். அங்கே அப்போது காலை. அண்ணா போனைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார். வழக்கம்போல நோயாளிகளுக்காக, ஆஸ்பத்திரிக்காக, என் வீட்டுக்காரர் ஏறுகிற சாரத்துக்காக வேண்டினார். “கடல் தாண்டி இருக்கற பிள்ள” என்று சொல்லி நிறுத்தி, மேலே ஒன்றும் சொல்லாமல் முடித்தார். எல்லோரும் ஆமென் சொன்னோம். அவர் கண்ணைத் திறந்து கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

அப்போது போனிலிருந்து தனியாக ஒரு ‘ஆமென்’ வந்தது. எல்லோரும் உட்கார்ந்த பிறகு கதவைத் திறந்துகொண்டு ஒருத்தி உள்ளே வந்த மாதிரி.

அண்ணா அக்காவைப் பார்த்துச் சொன்னார். “லேட்டாச் சொல்றா. சின்னதுலயும் இப்படித்தான். தூங்கிட்டே ஜெபம் பண்ணுவா.”

கொஞ்சம் பொறுத்துப் போன் பேசியது. “தூங்கலப்பா. நீங்க சொன்ன ஒடனே சொன்னேன். அங்க வர லேட்டாகுது.”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “நெட்டு சரியில்ல” என்றார். அவளிடம் சொன்னாரா, டம்ளரிடம் சொன்னாரா, தெரியாது.

மறுநாளும் அக்கா போனை வைத்தாள். அதற்கு மறுநாளும். அண்ணா வேண்டாம் என்று சொல்லவில்லை. கொஞ்ச நாள் கழித்து நான் ஒன்றைக் கவனித்தேன். ஆமென் சொன்ன பிறகு அவர் கண்ணைத் திறப்பதில்லை. மூடியபடியே இருக்கிறார். போனில் அந்த ஆமென் வருகிறது. அதற்கு அப்புறம்தான் திறக்கிறார். சில நாள் அது சட்டென்று வந்துவிடும். சில நாள் ரொம்ப இழுக்கும். அவர் அசைய மாட்டார்.

அக்கா விடுவாளா? “ஏனுங், எதுக்குக் கண்ண மூடிட்டே இருக்கீங்? வானத்துக்கும் பூமிக்கும் ஒரே நேரந்தானுங்களே? நீங்க ஆமென் சொன்னப்பவே அவளும் சொல்லி முடிச்சிருப்பாளே?”

“நேரம் ஒண்ணுதான்” என்றார் அண்ணா. “அவ வந்து சேரணுமில்ல?”

பாப்பா படிப்பை முடிக்கிற சமயம். மறுநாள் பெரிய பரீட்சை, எழுதுவதில்லையாம், பெரிய பெரிய ஆட்கள் முன்னால் நின்று வாயால் பதில் சொல்வதாம். அன்றைக்கு வீடியோவில் வந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. அண்ணா ஜெபத்தைத் தொடங்கவில்லை. போனை டம்ளரிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அதில் தெரிந்த அவள் தலைமேல் உள்ளங்கையை விரித்து வைத்தார்.

“அப்பா? இருட்டாயிருச்சு. கட் ஆயிருச்சா?”

“கட் ஆகல கண்ணு. என்ற கை.”

அங்கிருந்து சத்தமில்லை. நெட்டா, வேறா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு குரல் வந்தது. “அந்த வார்த்தைய நான் இன்னும் சொல்லலையேப்பா.”

“நான் இப்பக் கேக்கலையே” என்றார். “முதல்ல இருட்டுதான் இருந்துச்சு. கொஞ்சம் பொறுத்துக்க.”

கையை எடுக்காமலே ஜெபம் பண்ணினார். அக்கா காலி டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதற்காக அவர் மாறிவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். பரீட்சை பாஸாகி அவள் பேசியபோது, “வளையுதுன்னு நிரூபிச்சுட்டியா?” என்று கேட்டார். ஆமாம்ப்பா என்றாள். “அப்ப இன்னொரு தடவ சரியாப் பாரு” என்றார். ஓய்வு பெற்று வீட்டில் இருந்தபோதும் சாயங்காலத்தில்தான் தாளைக் கிழித்தார். டம்ளர் விழுந்தால், பிடி இருக்கிறது என்றார். குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது.

அவர் போனது ஒரு மத்தியானம், சாப்பிட்டுப் படுத்தவர் எழவில்லை. பாப்பாவின் பாஸ்போர்ட் விசாவுக்காக ஏதோ ஆபீசில் இருந்தது. எவ்வளவு அலைந்தும் அவளால் வர முடியவில்லை. அக்கா அழுது ஓய்ந்து, “வெச்சுப் பாத்துட்டே இருக்க முடியாது, எடுத்துருங்க” என்றாள். கல்லறைத் தோட்டத்தில் போனை என் கையில் கொடுத்தார்கள். சார்ஜ் தீர்ந்துவிடப்போகிறதே, குழிக்குள் விழுந்துவிடப்போகிறதே என்று இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் பக்கம் அங்கே விடியவில்லை. விளக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பெட்டியை இறக்கினார்கள். பாஸ்டர் ஜெபம் பண்ணினார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஆமென் சொன்னார்கள். பாஸ்டர் குனிந்து ஒரு பிடி மண் அள்ளினார்.

“கொஞ்சம் இருங்க” என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நெற்றியில் குங்குமம் வைத்த ஒரு ஆயா, அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தில், அவர்களுடைய பாஸ்டரை நிறுத்துகிறாள். பாஸ்டரின் கை மண்ணோடு அப்படியே நின்றது. அக்காவுக்கு மட்டும் விளங்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

போனில் பாப்பாவின் உதடு அசையாமல் நின்றுபோயிருந்தது. காற்று அடித்தது. எவ்வளவு நேரம் என்று என்னைக் கேட்டால், எனக்கு ஓடியதைத்தான் சொல்ல முடியும்.

பிறகு வந்து சேர்ந்தது. “ஆமென்.”

பாஸ்டர் கையைத் திறந்தார். மண் விழுந்தது.